மாங்காட்டுக்கு இரண்டு மைல்

எனக்கு வயது அறுபத்தாறு. வளர்த்தது ஏழு பிள்ளைகள். ஐந்து நான் பெற்றவை. இரண்டு, பக்கத்து வீட்டுக்காரி பிரசவத்தில் போனபோது தூக்கிவந்தவை. ஏழும் இன்று சொந்தக் காலில் நிற்கின்றன. யார் வாசலிலும் போய் நான் நின்றதில்லை. ஒரே ஒரு முறை நின்றேன், அதையும் சொல்லத்தான் போகிறேன்.

எழுத்து எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. பர்மாவில் பெகு ஊரில் கடைசிப் பையன் சிலேட்டில் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கட்டிக் கொடுத்த பெண்கள் எழுதும் கடிதத்தை அடுத்தவர் வாயால் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. என் எழுத்து கோணல். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் ஆகும். இருக்கட்டும். சீமைக்குப் போய்வந்தவர்கள் பிரயாணம் எழுதுகிறார்கள். பர்மாவிலிருந்து மதராஸ் போய்வந்ததை நான் எழுதினால் என்ன?

மாங்காட்டிலிருந்து கார்டு வந்தது. அக்கா பச்சையம்மாளுக்கு உடம்பு முடியவில்லை, உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் போய், பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

அவளைப் பார்த்து இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் இறந்த மூன்றாம் மாதம், ஐந்து பிள்ளைகளையும் நடத்திக்கொண்டு பூந்தமல்லியிலிருந்து மாங்காட்டுக்கு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன், எங்களுக்கு மாமா, வாசலை மறித்து நின்றார். "வந்த காலோட திரும்பிப் போயிடு. இங்க ஆறு வாய்க்குச் சோறு போட முடியாது" என்றார். திரும்பினேன். பனைமரத் திருப்பத்தில் அக்கா கொல்லைப்பக்கமாக ஓடிவந்து என் முந்தானையில் ஐந்து விரல் பச்சை மஞ்சளை முடிந்துவிட்டாள். "வேற ஒண்ணும் என் கையில இல்லடி" என்றாள். எனக்கு இருந்த ஆத்திரத்தில், "இனி உன் வாசலுக்கு மோட்டார்லதான் வருவேன், பார்த்துக்கோ" என்றேன். அந்தக் காலத்தில் பூந்தமல்லி ரோட்டில் ஒரு மோட்டார் போனால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்ப்பார்கள்.

அதன்பின் பிழைக்கப் பர்மாவுக்குக் கப்பல் ஏறினேன். அந்த ஐந்து விரலையும் பெகுவில் கொல்லையில் புதைத்தேன். வருஷா வருஷம் பெருகியது. என் வீட்டுக் குழம்புக்கும், பெண்கள் மருமகள்கள் பூசிக் குளிக்கவும் அதே மஞ்சள்தான். அக்காவுக்கென்று ஒரு துணிப்பை நிறைய அரைத்து எடுத்துக்கொண்டேன். ஒரு சிவப்புச் சேலையும் வாங்கினேன். வருகிற நாளை எழுதிக் கார்டு போட்டேன்.

கப்பலில் மூன்று நாளும் வாந்தி. வெல்லமும் பொரியும் தவிர ஒன்றும் இறங்கவில்லை. என்னைப் போலவே படுத்துக் கிடந்த ஒரு செட்டியார் வீட்டம்மாள் அழுதுகொண்டே இருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் என்னைக் கேட்கவில்லை.

மதராசில் இறங்கியும் தரை ஆடிக்கொண்டே இருந்தது. என் மூத்தவனின் சிநேகிதர் வண்ணாரப்பேட்டையில் இருக்கிறார். அன்றைக்கு அவர் வீட்டில் தங்கினேன். இட்லி பஞ்சுபோல இருந்தது, தண்ணீர் உப்புக் கரித்தது. எங்கள் பெகுவில் ஆறு மாதம் மழை, கிணறு வாய்வரைக்கும் நிற்கும். இங்கே ஒரு குடத்துக்குப் பெண்கள் வரிசையில் நின்று சண்டை போடுகிறார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. "குமணன்சாவடி வரைக்கும் பஸ் போகிறது, அங்கே இறங்கினால் மாங்காடு இரண்டு மைல்தான்" என்றார் அவர். "பஸ் வேண்டாம். மோட்டார்தான் வேண்டும்" என்றேன். மனுஷர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தம்முடைய காரையே கொடுத்தார். கறுப்பு வண்டி, பத்துப் பன்னிரண்டு வருஷத்துப் பழசு. "கொஞ்சம் தண்ணீர் குடிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

டிரைவர் பெயர் முனுசாமி. நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாது. "ஆயா, இத்த அதட்டி ஓட்டக் கூடாது. கொஞ்சித்தான் ஓட்டணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். வெயில் ஏற ஏறக் கொஞ்சல் பலிக்கவில்லை. வேலப்பன்சாவடிக்கு வரும்போது வண்டியின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. புளியமரத்தடியில் நிறுத்தினான்.

ஆறவிட்டு, மூடியைத் திறந்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். குனிந்து பார்த்தேன். ரேடியேட்டரின் அடியில் ஒரு சொட்டு நின்றிருந்தது, விழுந்தது, இன்னொன்று வந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. துணிப்பையை அவிழ்த்தேன்.

"இன்னா ஆயா இது, கொயம்பு வெக்கப் போறியா?"

"எம் புள்ள ரெண்டாவது பெகுல லாரி ஓட்டறான். ரேடியேட்டர் ஒழுகினா மஞ்சத்தூள்தான் போடுவான். ஓட்டையில போய் அடைச்சுக்கும். உன் வண்டியவிட அது பெரிய வண்டி."

"அது சொட்டு வுடறதுக்கு சரி. ஆனா ஒரு சொட்டுக்கா இம்மாந் தண்ணி கொறையும்?"

நல்ல கேள்விதான். நான் காதில் வாங்கவில்லை. மூன்று பிடி போட்டேன். கால் மணியில் சொட்டு நின்றது. முனுசாமி ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். நான் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அப்போது இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மூன்று மைல் போயிருக்காது. குமணன்சாவடி முனையில் வண்டி மூன்று காலில் ஓடும் நாயைப்போல விந்தியது. பின்னால் வெள்ளைப் புகை, முன்னால் ஆவி. ஆவியில் மஞ்சள் வாசனை அடித்தது. இடப்பக்கம் மாங்காட்டு ரோடு பிரிகிறது. அதன் வாயிலேயே நின்றுவிட்டது.

இன்னும் மஞ்சள் போதவில்லை என்று நினைத்தேன். முனுசாமி வேண்டாம் வேண்டாம் என்றான். "யார் ஊட்டு வண்டிக்கு யார் பதில் சொல்றது ஆயா?" என்றான். நான் பையிலிருந்ததை ஏறக்குறைய எல்லாம் தட்டிக் கொட்டினேன். ஒன்றும் ஆகவில்லை.

முனையிலேயே மஸ்தான் பாய் என்பவர் ஓலைக் கொட்டகை போட்டு மோட்டார் பார்க்கிறார். முதலில் பாத்திரத்துக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்தாராம், ரோட்டில் மோட்டார் அதிகமான பிறகு இதற்கு வந்தாராம். முனுசாமி போய் அழைத்துவந்தான். வந்தவர் மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணாத்தே, யாரு சமைச்சது?"

முனுசாமி என்னைக் காட்டினான்.

"உப்பு போட்டீங்களா பெரிமா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

படுத்து, வண்டிக்கு அடியில் கைவிட்டுத் தடவினார். ரப்பர் குழாய் காய்ந்திருந்தது. ரேடியேட்டரின் அடியில் மஞ்சள் பொருக்குக் கட்டியிருந்தது, ஈரமில்லை. "வெளிய ஒழுகல. ஒரு கொடம் தண்ணி ஊத்தினேன்றான். அது எங்க போச்சு?" என்றார். வண்டியைக் கிளப்பச் சொல்லிப் புகைக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தார். கையில் வேர்வை போல நீர் பூத்தது. மோந்து பார்த்தார்.

"கேஸ்கெட்டா இருக்கும்னு சந்தேகம்."

அது என்ன என்று கேட்டேன். எஞ்சினின் உடம்புக்கும் தலைக்கும் நடுவே ஒரு செம்புத் தகடு வைத்திருக்குமாம். ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் தண்ணீர், இரண்டும் கலக்காமல் அதுதான் காக்கிறது. அது எரிந்துபோனால் தண்ணீர் நெருப்புக்குள் போகும், நெருப்பின் காற்று தண்ணீருக்குள் வரும். "அப்டின்னா தலைய கழட்டணும். தகடு மதராஸ்லேர்ந்து வரணும். ரெண்டு நாள்."

"சந்தேகம்தானே சொன்னீங்க?"

"சந்தேகம்தான். தண்ணி தெறிச்சு பிளக்கு நனைஞ்சிருந்தாலும் இப்டி நொண்டும். அது அரை மணி வேலை."

அந்த அரை மணி என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன்.

திருப்புளியை வைத்து ஒவ்வொரு பிளக்காகத் தொட்டார். முதலாவதைத் தொட்டதும் எஞ்சின் தடுமாறியது, நாலாவதற்கும் தடுமாறியது. இரண்டையும் மூன்றையும் தொட்டால் ஒரு மாற்றமும் இல்லை. அவை இரண்டும் ஏற்கெனவே செத்துக் கிடந்தன. "பக்கத்துப் பக்கத்துல ரெண்டு. எனக்குப் பிடிக்கல" என்றார். கழற்றித் துடைத்து மாட்டினார். கொஞ்ச நேரம் நாலும் பேசின, மறுபடி இரண்டு அடங்கின.

"கொமுளி வருதான்னு பார்த்தா தெரிஞ்சிரும். காத்து தண்ணிக்குள்ள வந்தா கொமுளி உடும். ஆனா..." என்று ரேடியேட்டரைக் காட்டினார். உள்ளே நுரை பொங்கி நின்றது. "மஞ்சத் தண்ணி சும்மாவே நொரைக்கும். காத்தா நொரையான்னு நான் எப்டி சொல்றது? எல்லாத்தையும் கழுவணும் பெரிமா. அடியில சேறா கட்டிகினு கீது." வானத்தைப் பார்த்தார். "தொழுகைக்குப் போயிட்டு வந்து கழுவறேன். நீங்க அதுக்குள்ள நடந்தாக்கூட மாங்காடு போயிருவீங்க."

"இருக்கேன்" என்றேன்.

வண்டியிலிருந்து என் பெட்டியை இறக்கி ரோட்டோரம் அதன்மேல் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் அம்மன் கோவிலுக்குப் பெண்கள் கும்பல் கும்பலாக அந்த ரோட்டில் திரும்பினார்கள். இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டு போனார்கள். ரங்கூனில் காதில் விழுந்து எனக்குத் தெலுங்கு புரியும். "பார், பெரிய வீட்டுக்காரி போல இருக்கிறாள், ரோட்டோரம் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள்" என்றாள் ஒருத்தி. "காருக்குக் காவல்" என்றாள் மற்றவள். வைக்கோல் வண்டிக்காரன் ஒருவன் மாட்டை நிறுத்தி, "மாங்காடா? ஏறிக்கோ ஆயா, வைக்கோல் மெத்துன்னு கீது" என்றான். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

மஸ்தான் பாய் வீட்டிலிருந்து இஞ்சி தட்டிப் போட்ட டீயும் இரண்டு பொறை ரொட்டியும் வந்தன. பர்மாவுக்குப் போகும் முன் வாங்கியிருக்க மாட்டேன், அந்த வழக்கமெல்லாம் அங்கே என்னைவிட்டுப் போயிற்று. பொறை கல்லாக இருந்தது, டீயில் நனைத்துத் தின்றேன். பெகுவில் இந்நேரம் தெருவில் மொயிங்கா விற்பார்கள், சுடச்சுட மீன்சாறு. ஏனோ அதை நினைத்தபோது அழுகை வந்தது. பசி என்று நினைத்துக்கொண்டேன்.

பாய் திரும்பிவந்து குழாய்களைக் கழற்றினார். மஞ்சள் சேறு கட்டி கட்டியாக விழுந்தது. முனுசாமி கிணற்றுக்கும் வண்டிக்குமாக நடந்தான். மணி மூன்று இருக்கும்போது மாங்காட்டுப் பக்கமிருந்து ஒருத்தி பூக்கூடையோடு வந்து நிழலுக்கு நின்றாள். பூந்தமல்லிக்குப் பூ கொண்டுபோகிறாளாம். நானே கேட்டேன், பச்சையம்மாளைத் தெரியுமா என்று.

"பச்சம்மா ஆயாவா? எங்க ஊட்டுக்கு நாலாவது ஊடு. காலைலேர்ந்து கஞ்சி எறங்கல. தங்கச்சி ரங்கூன்லேர்ந்து வருதாம், படுக்கைய வாசப்பக்கம் போடச் சொல்லிகீது. யாரு வந்தாலும் தலைய தூக்கித் தூக்கிப் பாக்குது." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ தானா அது? அப்ப இங்க இன்னாத்துக்கு குந்திகினு கீறே?"

"வண்டி ரிப்பேர். இதோ ஆயிடும்" என்றேன்.

"நடந்தா போவ மாட்டியா?"

முழங்கால் வலி என்றேன். வலி இருந்தது உண்மை. ஆனால் கோவிலுக்குப் போகிற கிழவிகள் எல்லாம் என் கண்ணெதிரே நடந்துதான் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு முழம் பூவைக் கிள்ளி, "ஆயாவுக்குக் குடு" என்று பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நான் பாயிடம் போய், "எவ்வளவு நேரம்?" என்றேன்.

"கழுவிப் பார்த்தாத்தான் தெரியும்."

இன்னும் ஒரு மணிதானே என்று நினைத்தேன். காலையிலிருந்து தாங்கினவள் ஒரு மணி தாங்கமாட்டாளா என்று நினைத்தேன். வாசலில் மோட்டார் நிற்கும், ஹாரன் அடிக்கச் சொல்வேன், மாமா எழுந்து வருவார். இதையும் நினைத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

கழுவி முடித்தபோது மணி ஐந்து ஆகிவிட்டது. நல்ல தண்ணீரை விளிம்புவரை ஊற்றினார். விசிறியின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். மூவரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. நான் மனசுக்குள் எண்ணினேன். இருபது எண்ணுமுன் அடியிலிருந்து ஒரு குமிழி வந்தது. பிறகு இரண்டு. பிறகு சோறு கொதிப்பதுபோல வரிசையாக வந்தன.

பாய் அடியில் தகரத்தை வைத்து எஞ்சின் எண்ணெயைத் திறந்துவிட்டார். கறுப்பாக வரவேண்டிய இடத்தில் முதலில் தண்ணீர் வந்தது. மஞ்சள் தண்ணீர். என் கொல்லை மஞ்சள், சுற்றிச் சுற்றி எஞ்சினின் வயிற்றுக்குள் இறங்கி, அங்கிருந்து வெளியே வந்தது. தகரத்தின் ஓரமெல்லாம் மஞ்சள் வளையம்.

"இனிமே சந்தேகம் இல்ல" என்றார்.

முனுசாமி பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டான். "வா ஆயா" என்றான். நடந்தோம். இரண்டு மைல் ஒன்றும் தூரமில்லை. முக்கால் மணிகூட ஆகவில்லை.

விளக்கு வைக்கும் நேரம். பனைமரத் திருப்பத்திலேயே அழுகைச் சத்தம் கேட்டது. வாசற்பக்கம் போட்ட படுக்கையிலேயே அக்கா இருந்தாள். அரை மணிக்கு முன்னால்தான் என்றார்கள். முகம் ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இப்போதுதான் நேராக்கினோம் என்றாள் ஒருத்தி. "வெள்ளிக்கிழமை, சுமங்கலியா போயிருக்கா, புண்ணியவதி" என்று பக்கத்து வீட்டுக்காரிகள் சொல்லிக்கொண்டார்கள்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் உயிரோடு இருக்கும்போதே இறந்துபோகிறவளுக்குப் பிறந்த வீட்டு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, பிறந்த வீட்டுச் சேலை போர்த்த வேண்டும். நான் அதற்காக எடுத்துவரவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்து பூசிக் குளிக்கட்டும் என்றுதான் எடுத்துவந்தேன்.

"பொறந்த ஊட்டு மஞ்ச எங்கம்மா?" என்று ஒரு கிழவி கை நீட்டினாள்.

பையில் ஒன்றும் இல்லை. உள்புறத்தை வெளியே திருப்பினேன். தையலில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை அப்படியே நனைத்து அக்காவின் கன்னத்திலும் பாதத்திலும் தேய்த்தேன். பாதத்துக்கு வந்தபோது நிறம் பிடிக்கவில்லை. மீதிக்குக் கடையிலிருந்து வாங்கிவந்தார்கள். சேலையைப் போர்த்தி, அந்த ஒரு முழம் பூவையும் வைத்தேன்.

மாமா சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். இரண்டு கண்ணும் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தன. நாலு வருஷமாகப் பார்வை இல்லையாம். கார்டில் அதை யாரும் எழுதவில்லை.

"யாரு?"

"நான்தான் மாமா. தங்கம்."

தலையைச் சாய்த்துக் கேட்டார். "மோட்டார்ல வருவேன்னு சொன்னியாமே. நாள் பூரா, சத்தம் கேக்குதா, சத்தம் கேக்குதான்னு என்னையே கேட்டுகினு கெடந்தா. எங்காதுதான் நல்லா கேக்கும்னு. நானும் கேட்டுகினேதான் இருந்தேன். ஒண்ணும் வரலியே." "எதுல வந்தே?" என்றார்.

"நடந்துதான் வந்தேன் மாமா."

"அப்டியா" என்றார்.

மூன்றாம் நாள் பால் தெளித்து முடிந்தபின் புறப்பட்டேன். குமணன்சாவடிவரை நடந்தேன். கொட்டகையில் வண்டியின் தலையைக் கழற்றி வைத்திருந்தார்கள். மஸ்தான் பாய் அந்தச் செம்புத் தகட்டை எடுத்துவந்து காட்டினார். பெரிய பெரிய ஓட்டைகள், அவற்றில் இரண்டுக்கு நடுவே நகக்கண் அளவுக்குக் கருகிப்போன ஓர் இடம்.

"இவ்ளோதான் பெரிமா."

"நான் மஞ்ச போடாம இருந்திருந்தா?"

அவர் தகட்டைத் துணியால் துடைத்தார். "தொழுகைக்குப் போறதுக்கு முன்னாலயே கொமுளியப் பார்த்திருப்பேன். வண்டி போவாதுன்னு சொல்லிருப்பேன். நீங்க நடந்திருப்பீங்க." துடைப்பதை நிறுத்தினார். "நடந்திருப்பீங்கல்ல?"

பஸ் வருகிறதா என்று நான் ரோட்டைப் பார்த்தேன். அவர் டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடித்தேன். பிறகு பஸ் வந்தது.

கொல்லையில் இந்த வருஷ மஞ்சள் தோண்டாமல் கிடக்கிறது. மருமகள் இரண்டு முறை கேட்டுவிட்டாள். தோண்டலாம், தோண்டலாம் என்கிறேன்.

இவ்வளவும் எழுத ஒரு மாதம் ஆயிற்று. பென்சில் கட்டைவிரல் அளவு தேய்ந்துவிட்டது. என் எழுத்தை என் கண்ணால் திரும்பப் படிக்க முடியவில்லை. பேத்திதான் படித்துச் சொல்ல வேண்டும். அம்மாடி ராஜம், வா, விளக்குக்கிட்டே உட்கார். முதலிலிருந்து படி. அவசரம் வேண்டாம். ஆயா வருத்தப்படுவாள் என்று பூக்காரி வந்த இடத்தைத் தாண்டிப் போகாதே. தாண்டினால் எனக்குத் தெரியும்.